எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

திருவண்ணாமலையில் சாமிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. போலீசுக்குப் பயப்படாதவர்களும் உண்டு. எர்த்துக்குப் பயப்படாதவர் ஒருவர்கூட எங்கள் ஊரில் இருந்ததில்லை. அவர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் சமையல்காரர் முதல் மாப்பிள்ளை வரை எல்லோர் கண்ணும் மெயின் சுவிட்சைத்தான் பார்க்கும்.

எர்த்து என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் டெஸ்டர் வைத்திருப்பார். இரும்பு என்று ஒன்றைக் கண்டால் முதலில் டெஸ்டர் தொடும், பிறகுதான் அவர் தொடுவார். கடை ஷட்டர், ஐஸ்கிரீம் பெட்டி, பக்கத்து வீட்டு கேட், எதற்கும் விலக்கு கிடையாது. ஒரு கல்யாணத்தில் மேடையின் இரும்புக் காலில் டெஸ்டர் லேசாக எரிகிறது என்று சொல்லி, கெட்டி மேளம் கொட்டும் நேரத்தில் மெயினை இறக்கிவிட்டார். மாப்பிள்ளை யார் கழுத்தில் தாலி கட்டினார் என்று தெரிந்துகொள்ள, பெண்ணின் அத்தை தீக்குச்சி கிழித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் அநேகம். சென்னையில் இருக்கும் என் அண்ணன் இன்றும் சொல்வார். சொன்னால் நான் சண்டைக்கு நிற்பேன். எர்த்து போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன என்பதற்காக விட்டுவிட மாட்டேன். அவரைத் திட்டும் உரிமை, அவரோடு மலையைச் சுற்றி கம்ப்யூட்டர் சுமந்த எனக்கும் என் மகள் செல்விக்கும் மட்டும்தான் உண்டு.

என் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். என் கணவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மழையில் நனைந்திருந்த மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டார். அவ்வளவுதான். செல்விக்கு அப்போது நடையே சரியாக வராது. நான் ஏற்கெனவே டீச்சர் வேலையில் இருந்ததால் பிழைத்துக்கொண்டோம். ஆனால் அன்று முதல் வீட்டில் ஒயர் உள்ள எதன் மீதும் செல்வியின் கை படக்கூடாது என்று சட்டம் போட்டேன். மிக்ஸி கூடாது, டேபிள் ஃபேன் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடவே கூடாது. திருவண்ணாமலையிலேயே கசங்கிய சுடிதாரோடு காலேஜ் போன ஒரே பெண் என் பெண்தான்.

அப்படி வளர்ந்தவள் காலேஜில் எடுத்த பாடம் கம்ப்யூட்டர். என்மேல் இருந்த கோபத்தில்தான் எடுத்தாள் என்று நான் சொன்னால் இன்றும் மறுப்பதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. காலேஜில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். உட்காருபவள் ஒருத்தி, பக்கத்தில் நிற்பவள் ஒருத்தி, எட்டிப் பார்ப்பவள் என் மகள். கடைசி வருடம் சொந்தமாக ஒரு புரோகிராம் செய்து காட்ட வேண்டும். என் அண்ணன், கம்பெனி கம்ப்யூட்டராக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். செல்வி மறுத்துவிட்டாள்.

"கம்பெனி பொட்டி பூட்டிக்கினு வரும்மா. உள்ள இன்னா இருக்குதுனு எனக்குத் தெரியணும். பார்ட் பார்ட்டா வாங்கி நானே மாட்டப்போறேன்."

உள்ளே கையை விடப்போகிறேன் என்று இதற்குப் பொருள். நான் முடியாது என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கே படிப்பை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். எட்டி நின்னு பாக்கறதுக்கு எதுக்குப் படிக்கணும்?"

செய்யக்கூடியவள். அவள் அப்பாவுக்கும் அந்தப் பிடிவாதம் இருந்தது. எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. கரண்ட் சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லும் ஒரு மனிதர் தெருக்கோடியில் இருக்கிறார். அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் பழி என் மேல் வராது. எர்த்துக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். கேட்டைத் தொட்டுப் பார்த்தார், கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செல்வியை உட்கார வைத்து விசாரணையைத் தொடங்கினார். பொட்டிக்குள் எத்தனை வோல்ட் ஓடும் என்று கேட்டார். வெளியிலிருந்து வருவது இருநூற்று முப்பது என்றாலும், ஒரு தகரப் பெட்டி அதைப் பிரித்து உள்ளே ஐந்தும் பன்னிரண்டுமாகத்தான் கொடுக்கும் என்று அவள் சொன்னாள்.

"அஞ்சா?"

"ஆமா மாமா."

எர்த்து முகத்தில் ஏமாற்றம். புலி வேட்டைக்குக் கூப்பிட்டுப் பூனையைக் காட்டியதுபோல என்னைப் பார்த்தார். "டார்ச் லைட்டுக்கா டீச்சர் என்னைக் கூப்புட்டீங்க? தாராளமா வாங்கலாம்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதோடு விடவில்லை. "ஆனா கம்ப்யூட்டருக்கு மொத பார்ட்டு கடையில இல்ல" என்று வாசலுக்குப் போய், மல்லிகைச் செடி ஓரத்தில் தரையைக் காட்டினார். "இங்க இருக்குது."

மறுநாள் கடப்பாரையோடு வந்து ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினார். அதில் கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதிலிருந்து வீட்டுக்குள் கம்பி இழுத்தார். கசிகிற கரண்ட் மனிதன் மேல் பாயாமல் மண்ணுக்குப் போகும் வழி இது. இதற்குப் பெயர்தான் எர்த்து, அவருக்குப் பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான். எங்கள் வீடு குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலேயே இருந்தது. அந்தப் பாதையில் நிமிர்ந்து நிற்கும் எதையும் நம் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. இரண்டாம் நாளே குழாய்க்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். எர்த்து துடைத்தார். மறுநாள் மஞ்சளும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த நாள் ஒரு குடும்பமே நின்று கற்பூரம் காட்டியது. எர்த்து அவர்களிடம் போய், இது சாமியில்லை, எர்த்து என்று விளக்கினார். "எந்த சாமியா இருந்தா இன்னாங்க, பவரு இருந்தா சரி" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து எர்த்து துடைப்பதை விட்டுவிட்டார்.

குழி முடிந்ததும் பார்ட்ஸ் வாங்க மூவரும் சென்னைக்குப் போனோம். அவரை யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் பழைய பேப்பர்காரர்கள் வைத்திருக்கும் கொக்கி போட்ட வில் தராசு.

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதை அவர் வெளியே எடுத்தபோது நானும் செல்வியும் வேறு கடையைப் பார்ப்பவர்கள்போல நகர்ந்து நின்றோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் எர்த்துக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. கனமாக இருப்பது நல்லது, லேசாக இருப்பது ஏமாற்று. இது ஒன்றுதான் அவருடைய கொள்கை. டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கிய கொள்கை, கத்தரிக்காய் வரை நீளும். கடைக்காரர் காட்டிய பவர் சப்ளை பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

கடைக்காரர் இளைஞர். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். "பெரியவரே, இது கம்ப்யூட்டர் கடை. தக்காளிக் கடை இல்ல."

"தக்காளியையே நிறுத்துப் பாத்துத்தானே வாங்கறோம். உன் பொட்டியை மட்டும் மூஞ்சைப் பாத்து வாங்கணுமா?"

பவர் சப்ளையில் கனமானதை எடுத்தார். எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் தகரக் கூடான கேபினட்டிலும் அப்படியே. மானிட்டர் வரிசையை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, அசைக்கவே முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கீபோர்டுகூட அம்மிக்கல் மாதிரி ஒன்று. சண்டை வந்தது பிராசஸரில்தான். செல்வி கேட்டதைக் கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். எர்த்து அதை உள்ளங்கையில் வாங்கி, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"இதான் சார் மூளை."

"மனுசன் மூளை ஒன்றரைக் கிலோ. இது ஒரு பிஸ்கட்டு வெயிட்டு வரல. பெரிசா எடுப்பா."

இதைவிடப் பெரிதாக வருவதில்லை என்றார் கடைக்காரர். அப்படியானால் இரண்டு போடு என்றார் எர்த்து. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த செல்வி குறுக்கே வந்து நின்றாள். அவள் குரலில் அவ்வளவு உறுதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மாமா, வெயிட்டு இருக்கிறதெல்லாம் நீங்க சொல்றது. வெயிட்டு இல்லாததெல்லாம் நான் சொல்றது. இதுக்கு ஒத்துக்கறதுனா உள்ள வாங்க. இல்லன்னா வெளில டீ குடிச்சிட்டு இருங்க."

எர்த்து என்னைப் பார்த்தார். நான் கடையின் கூரையைப் பார்த்தேன். அவர் தராசைப் பைக்குள் வைத்தார். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் செல்வி எடுத்தாள். கடைசியில் கடைக்காரர் இரண்டு கால் உள்ள பிளக் ஒன்றைச் சும்மா தருகிறேன் என்று நீட்டினார். மூன்றாவது கால்தான் எர்த்துக்குப் போகும் கால். பிறகு நடந்ததை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

அன்று இரவு அண்ணன் வீட்டில் தங்கினோம். மறுநாள் ஞாயிறு, கூடவே பௌர்ணமி. கூட்டமாக இருக்குமே என்று நான் தயங்கினேன். பௌர்ணமிக்கு ஸ்பெஷல் பஸ் ஜாஸ்தி, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம், கூட்டமெல்லாம் சாயங்காலம்தான் என்று எர்த்து அடித்துச் சொன்னார். ஸ்பெஷல் பஸ் ஜாஸ்தி என்பது உண்மைதான். ஒவ்வொன்றிலும் ஆட்களும் ஜாஸ்தி. மானிட்டர் மட்டும் சீட்டில் உட்கார்ந்து வந்தது. நாங்கள் நின்றுகொண்டு வந்தோம்.

பஸ்ஸை ஊருக்கு வெளியே, கிழக்குப் பக்கம் போட்டிருந்த தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். பாதையில் ஆட்டோ கிடையாது. வீட்டுக்கு நடந்தால் அரை மணி நேரம். ஆனால் அந்த அரை மணி நேரமும் மலை சுற்றி வரும் கூட்டத்துக்கு எதிராக, இடமாக நடக்க வேண்டும். எர்த்து மானிட்டரைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கேபினட்டோடு அங்கேயே நின்றேன்.

"இன்னா டீச்சர்?"

"பௌர்ணமி அன்னிக்கு, பொண்ணைக் கூட வெச்சிக்கினு, புதுப் பொருளோட நான் இடமா நடக்கமாட்டேன் சார்."

"அதுக்காக மலையையே சுத்துவீங்களா? சாமி இன்னா டிராபிக் போலீசா?"

"எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு சார்."

 அவர் மானிட்டரோடு உடம்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டார். "சரி, சுத்துங்க."

இப்படித்தான் ஒரு கம்ப்யூட்டர் கிரிவலம் வந்தது. முன்னால் செல்வி, மதர்போர்டைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு. நடுவில் நான். பின்னால், தானே தேர்ந்தெடுத்த உலகத்திலேயே கனமான மானிட்டரைச் சுமந்துகொண்டு எர்த்து. செங்கம் ரோட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் அவரை விழுந்து கும்பிட்டார். கூடவே நடந்த ஒரு பெரியவர், என்ன வேண்டுதல் என்று விசாரித்தார். கரண்ட்டு என்றார் எர்த்து. வீட்டில் அடிக்கடி போய்விடுகிறதா என்று அவர் அனுதாபப்பட்டார். அட்டைப் பெட்டியின் மேல் யாரோ விபூதி பூசினார்கள், யாரோ பூ வைத்தார்கள். எர்த்துக்குக் கழுத்தைத் திருப்ப முடியாததால் தடுக்க முடியவில்லை.

"கனமா இருந்தாதான் நல்லதுனு சொன்னது யாரு மாமா?" என்று செல்வி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"இப்பவும் அதான் சொல்றேன். நட."

மலையின் மேற்குப் பக்கம் ஒரு மோர்ப் பந்தல் வந்தது. ராத்திரிக் கூட்டத்துக்காகப் பந்தலின் இரும்புக் கம்பங்களில் டியூப் லைட் கட்டி, பகலிலேயே எரிய விட்டிருந்தார்கள். களைத்துப் போயிருந்த செல்வி ஒரு கம்பத்தில் சாயப் போனாள்.

"தொடாத!"

எர்த்து போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. செல்வி அப்படியே நின்றாள். எர்த்து மானிட்டரை நடுப்பாதையில் இறக்கிவிட்டு, டெஸ்டரைக் கம்பத்தில் வைத்து, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். அந்தச் சின்னக் குமிழுக்குள் சிவப்பாக எரிந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. 

பந்தல்காரர்களிடம் கனெக்‌ஷனைப் பிடுங்கச் சொன்னார் எர்த்து. கோயில் காரியம், இத்தனை வருடமாகப் போடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை என்று அவர்கள் சொன்னார்கள். எர்த்து அதற்குமேல் வாதாடவில்லை. நடுப்பாதையில் இருந்த மானிட்டர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆயிரக்கணக்கான ஜனம் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து போயிற்று. போலீஸ்காரர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். "அந்தக் கம்பத்தை ஒரு கையால புடிங்க சார், எழுந்துக்கறேன்" என்றார் எர்த்து. போலீஸ்காரர் கம்பத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு அவரே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது செல்வி ஒரு காரியம் செய்தாள். மதர்போர்டை எர்த்து மடியில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த டெஸ்டரை வாங்கிக்கொண்டு, மற்ற கம்பங்களை ஒவ்வொன்றாக அவளே சோதிக்கப் போனாள். தடுத்திருப்பேன். என் இரண்டு கையிலும் கேபினட் இருந்தது. எர்த்து தேர்ந்தெடுத்த கேபினட் ஆதலால் சட்டென்று இறக்கி வைக்கவும் முடியவில்லை. கேபினட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் மகள் கம்பம் கம்பமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிக் கம்பத்தையும் பார்த்துவிட்டு வந்து, "மத்ததெல்லாம் நல்லா இருக்குது மாமா" என்றாள். "எடுத்துக்கினு நட" என்றார் அவர்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் செல்வி புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஸ்க்ரூடிரைவர் கீழே விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவள் சலித்துக்கொண்டே "இருக்கேன்மா" என்பாள். சுவிட்ச் போட வேண்டிய நாளில் எர்த்தும் வந்திருந்தார். நான் அறை வாசற்படியிலிருந்து சொன்னேன், எனக்கு மனசு ஒப்பவில்லை, அண்ணன் சொன்ன கம்பெனி பெட்டியையே வாங்கிவிடலாம் என்று.  செல்வி கையில் வைத்திருந்த துணியைக் கீழே போட்டாள்.

எர்த்து அடுப்படிக்குப் போனார். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் கொட்டினார். இதை வாசகர்கள் யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் கேபினட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப போடு பாப்பா."

"கைய எடுங்க மாமா. நீங்க புடிச்சிருந்தா நான் போடமாட்டேன்."

"நான் கைய எடுத்தா உங்கம்மா உன்னைப் போடவுடமாட்டாங்க."

இருவரும் விட்டுக்கொடுக்கும் ஜாதி இல்லை. நான் சும்மா விட்டிருந்தால் இன்றைக்கும் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள். கால்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. அந்த ஈரத்தில் இறங்கி, அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். தகரம் ஜில்லென்று இருந்தது.

"போடு செல்வி" என்றேன்.

போட்டாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். எதற்கும் அஞ்சாத எர்த்து ஒரு முழம் எகிறிக் குதித்து சுவரோரம் போய் நின்றார்.

"இன்னா சத்தம் அது?"

"எல்லாம் சரியா மாட்டியிருக்குதுனு சொல்லுது மாமா" என்றாள் செல்வி. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டருக்கு எதிரில் தனியாக உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அவள் அப்பா அப்படியே இருந்தார்.

நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எர்த்து மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இனிமே கைய எடுக்கலாம் டீச்சர்" என்றார். அப்போதுதான் பார்த்தேன், என் கை இன்னும் கேபினட் மேலேயே இருந்தது. தகரம் இளஞ்சூடாகி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.  நானாக எடுக்கும்வரை, அவரும் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.